நாலாவது டேக்

படத்தில் எனக்கு ஒரே ஒரு வசனம். அடிலெய்ட் தெற்குப் பூங்காவில் மரத்தடியில் விறைத்துக் கிடக்கிறவனை உலுக்கி, அவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். இதற்காக நாற்பத்தொரு நாளாக ஒயின் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. “படம் வந்தா பாக்கறேன்ப்பா” என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். ஆறு வருஷத்தில் அவள் என்னோடு பேசியதே அவ்வளவுதான்.

சிக்கல் அந்தப் பெயரில்தான். அது பழங்குடிப் பெண் மரிங்காவின் தம்பி பெயர். போன ஜூலைக் குளிரில் இதே மரத்தடியில் செத்துப்போனான். வடக்கே பாலைவனத்திலிருந்து வந்த அவள் ஜனங்கள் இறந்தவர் பெயரை வாயில் எடுக்க மாட்டார்கள். துக்கம் தீரும்வரை இறந்தவர் எவரானாலும் ‘குன்மனரா’தான். பூங்காவில் படுக்கிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். இயக்குநர் ப்ரான்வினுக்கும் தெரியும். ஆனால் உண்மைப் பெயர் இருந்தால்தான் அந்தச் சாவு ஊர் காதில் விழும் என்பது அவள் கணக்கு. நல்லவள்தான், அதுதான் தொல்லை.

மரிங்கா காமிராவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“வேணாம்னு சொல்லிட்டேன், கேக்கல. எவன் வாயிலேர்ந்து வருதுன்னு பாக்கத்தான் நிக்கறேன். கிழவா, அவன் உசுரோட இருந்தப்ப நீ என்ன சொல்லிக் கூப்பிட்டே?”

கறுப்பு நாயே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

முதல் டேக்கில் “குன்மனரா!” என்று கத்தினேன்.

“கட்! பேரைச் சொல்லுங்க, லிண்ட்சே.”

இரண்டாவதிலும் அதையேதான் கத்தினேன். மூன்றாவதிலும்.

“இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைத்தான் போடணும். மன்னிச்சுக்கோங்க.”

மகள் முகம் நினைவுக்கு வந்தது. நாலாவது டேக்கில் மண்டியிட்டு, படுத்திருந்த நடிகனின் தோளைப் பிடித்தேன். தோள் சில்லிட்டிருந்தது. மரிங்காவின் தம்பி செத்துக் கிடந்த அன்று காலை அவன் தோளும் இப்படித்தான் இருந்தது.

“குன்மனரா, எந்திரிடா! ராத்திரி உன் போர்வையை நான்தான்டா எடுத்தேன். நீ தூங்கறேன்னு நெனச்சு உருவிட்டுப் போயிட்டேன். எந்திரிடா!”

அது எந்தத் தாளிலும் எழுதப்படாதது. நான் அழுதுகொண்டிருந்தேன். யாரும் கட் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ப்ரான்வின் கைதட்டினாள்.

“இதுதான்! இதையே வெச்சுக்கறேன். பேரே வேணாம்.”

அவளை அறையவேண்டும்போல் இருந்தது. மரிங்கா என் எதிரே வந்து குந்தினாள்.

“என்ன பண்ணினே அதை?”

“ஒயினுக்குக் குடுத்துட்டேன்.”

மரிங்கா எழுந்தாள்.

“பேரைச் சொல்லல நீ. அது சரி,” என்றாள். “சிவப்புப் போர்வை. நான் குடுத்தது.”