காயிலில் அப்பிய சந்தனம்

இரவு வேலை முடிந்து, காலையில் பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது அம்மா காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பக்கத்தில் தங்கை திலகா, பள்ளிச் சீருடையில். அன்று அவளுக்கு எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் கணக்குத் தாள். பாச்சாங் பள்ளியில் மண்டபக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

"மழைக்கு டாக்சி, வாடக காடி ஒண்ணும் வரலண்ணே," என்றாள்.

பானெட்டைத் திறந்தேன். இரவெல்லாம் பெய்த மழை உள்ளே ஒழுகியிருந்தது. அம்மாவை இறங்கச் சொல்லித் திலகாவைச் சாவியைத் திருகச் சொன்னேன்.

இந்தக் காரில் எஞ்சின் சுற்றுவதை ஒரு சென்சார் பார்த்து மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டிக்குச் சொல்லும். மாட்யூல் சரியான கணத்தில் காயில் என்ற கம்பிச் சுருளுக்குப் போகும் கரண்டை வெட்டும். வெட்டியதும் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, ஸ்பார்க் பிளக் முனையில் பொறியாகத் தாவ வேண்டும். தாவியது. பிளக்கில் அல்ல. காயிலின் கழுத்தில் நீலமாக ஒரு கோடு நெளிந்து இரும்புப் பிடியில் இறங்கியது.

அங்கேதான் ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனம் அப்பியிருந்தாள். காய்ந்து கிடந்தவரை கெடுதல் இல்லை. இப்போது ஊறிப்போய் கரண்டுக்கு வழி கொடுத்தது.

"சாவிய ஆஃப் பண்ணு. சந்தனத்தத் தொடைக்கணும்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பரீட்ச நாளும் அதுவுமா சாமிக்கு வெச்சதத் தொடைப்பியா?"

"அப்ப சாமியவே வந்து தள்ளச் சொல்லும்மா. டைம் இல்லலா."

"நீதான் படிப்பப் பாதியில விட்டுட்டு வந்த. இவளையும் வீட்ல உக்கார வெக்கப் போறியா?"

திலகா கதவை அறைந்து இறங்கினாள். "ரெண்டு பேரும் சண்ட போடுங்க. நான் நடந்தே போறேன்." மழையில் வேகமாக நடந்தாள்.

அம்மாவின் பிடி தளர்ந்தது. "நகரு. நான் வெச்சது, நானே எடுக்கிறேன்." தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடத்தில் முடி போல ஒரு கருப்புக் கோடு. பொறி சுட்ட தடம். அது இருந்தால் கரண்டு மறுபடியும் அதிலேயே ஓடும். அவளே சமையல் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள். சுரண்டினேன், காய்ந்த துணியால் துடைத்தேன்.

சாவியைத் திருகினேன். இருமியது. மறுபடியும் திருகினேன். பிடித்தது.

சந்திப்பில் திலகாவை ஏற்றிக்கொண்டோம். பள்ளி வாசலில் நிறுத்தினேன். கேட்டிலிருந்து மண்டபம் தெரிந்தது. ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. இன்னொன்றில் ஆசிரியர் கை வைத்திருந்தார்.

"ஓடுடி!" என்று அம்மா கத்தினாள்.

ஓடினாள். நனைந்த பாவாடை காலைத் தடுத்தது. ஆசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார்.

கதவு மூடியது. திலகா உள்ளே இருந்தாள்.