வெளிச்சமும் வேலியும்

குகதாசன் மாஸ்டர் வீட்டில் நாலு மாதமாக ஒரு வழக்கு. பக்கத்துக் காணி மாஸ்டரின் அக்கா சிவகௌரியுடையது. அவர் வேலியைப் புதிதாக அடைத்தபோது அரை முழம் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பது மாஸ்டரின் மனைவி சுபாஜினியின் கட்சி. வரவில்லை என்பது அக்காவின் கட்சி. மாஸ்டர் இருவரிடமும், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார். அன்றிலிருந்து மனைவியிடமிருந்து அவருக்குச் சோறு வந்தது, கதை பேச்சு வரவில்லை.

இந்த லட்சணத்தில் சனசமூக நிலைய ஆண்டு விழா வந்தது. மாமியாரா மருமகளா என்று வருடா வருடம் கேட்டு அலுத்துப்போய், பட்டிமன்றத்துக்கு இம்முறை 'ஒளி துகளா, அலையா?' என்று தலைப்பு வைத்தார்கள். ஊரில் பௌதிகவியல் படிப்பித்தவர் மாஸ்டர் ஒருவர்தான் என்பதால் நடுவர் அவரே. துகளுக்கு நிலையச் செயலாளர் கொலின்ஸ். அலைக்குச் சுபாஜினி. மாஸ்டருடைய புத்தகங்களையே அவரைக் கேளாமல் எடுத்துப் படித்திருந்தாள்.

கொலின்ஸ் நியூட்டனைக் கொண்டுவந்தார். ஒளி சிறு துகள்களின் ஓட்டம் என்று அந்தப் பெரிய மனுசன் சொன்னதை நூறு வருடம் அநேகமாக ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை என்றார். சுபாஜினி யங் என்ற விஞ்ஞானியை இறக்கினாள். இரண்டு கீறல் வழியே விட்ட வெளிச்சம் திரையில் வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாய் விழுந்ததே, துகளும் துகளும் சேர்ந்தால் இருட்டு வருமா என்று கேட்டாள். கைதட்டல். கொலின்ஸ் விடவில்லை, ஐன்ஸ்டைனைப் பிடித்தார். உலோகத்தில் ஒளி பட்டு அதன் அணுவிலுள்ள இலத்திரன் வெளியே துள்ளுவது, ஒளி பொட்டலம் பொட்டலமாய் வந்தால்தான் பொருந்தும் என்றார். செத்த துகள் எழும்பிவிட்டது.

தீர்ப்புச் சொல்ல எழும்பிய மாஸ்டருக்கு வியர்த்தது. உண்மை அந்தப் பாழாய்ப்போன வசனத்தில்தான் இருந்தது.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

சபை சிரித்தது. இது நழுவல் இல்லை, விஞ்ஞானமே இப்படித்தான் சொல்கிறது என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சுபாஜினி மைக்கை எடுத்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துக் கதைத்தாள்.

"வெளிச்சம் ரெண்டாவும் இருக்கட்டும், நான் ஏற்றுக்கொள்ளுறன். வேலி ஒரு இடத்திலைதானே நிக்கும்? எங்கை நிக்குது?"

சிரிப்பு நின்றது. அக்கா முன்வரிசையில் இருந்தார். மாஸ்டருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாலு மாதத்தை இன்னொரு தடவை தாங்க அவரால் முடியாது.

"அரை முழம் எங்கடை காணிக்குள்ளை நிக்குது, அக்கா," என்று மைக்கிலேயே சொன்னார்.