வாய்க்கால் இருந்த இடம்

மூன்றாவது முறையாக அதே வரைபடத்தை என் முன் விரித்தாள் டாரா. நகரத்தின் திட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். என் பேத்தி வயதுதான் இருக்கும். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதுதான் எல்லை, மிஸ்டர் வைகண்ட். கோட்டுக்குக் கிழக்க இருந்தா ஊரோட சேத்துக்கிட்டு, பாதாள சாக்கடை இணைப்பு கொடுப்போம். மேற்க இருந்தா ஊருக்கு வெளிய, கவுண்டி நிர்வாகம் பாத்துக்கணும். ரெண்டு பேரும் அப்படித்தான் ஒப்பந்தம் போட்டிருக்கோம். உங்க வீடு மேற்க இருக்கு."

"கோடுன்னு எதை வச்சீங்க?"

"பெரிய வாய்க்காலை."

"வாய்க்கால் என் வீட்டுக்குப் பின்னாடி ஓடுது. மேற்குப் பக்கம். அப்ப வீடு கிழக்கதானே? வண்டில ஏறு, காட்டுறேன்."

"தரையில எங்க ஓடினாலும் எனக்கு மேப்தான் கணக்கு. ஒப்பந்தத்துல 1951 மேப்புன்னு எழுதியிருக்கு. அதுல வாய்க்கால் உங்க வீட்டு முன்வாசலுக்கும் கிழக்க ஓடுது."

அங்கிருந்து பன்னிரண்டு மைல் ஓட்டிக்கொண்டு கவுண்டி சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் செப்டிக் டேங்க் ஆகஸ்டிலேயே கைவிட்டுவிட்டது. குளியலறைத் தரையில் கழிவு பொங்கி வருகிறது. புது டேங்க் போட அனுமதி கேட்டால், நானூறு அடிக்குள் நகரத்துச் சாக்கடை போகும்போது தர முடியாதாம். அந்தச் சாக்கடையை எனக்குத் தரமாட்டேன் என்கிறார்களே என்றேன். அது நகரத்தின் விஷயம் என்றார்கள். முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் வீட்டைப் பூட்டுவோம் என்று ஆரஞ்சு நிறத்தாள் ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டும் போயிருந்தார்கள். சாலையில் போகிற எவனும் படிக்கலாம். வைகண்ட் வீட்டுக் கதவில் இதுவரை கிறிஸ்துமஸ் வளையம் தவிர எதுவும் தொங்கியதில்லை.

டாரா ஒரு வழி சொல்லியிருந்தாள். வாய்க்கால் எப்போது, எப்படி இடம் மாறியது என்று தெரிந்தவர் யாராவது நகரம், கவுண்டி இரு சபைகளும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் சத்தியம் செய்து சொன்னால், வரைபடத்துப் பிழை என்று ஒரே ஓட்டில் திருத்திவிடலாம். இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்து ஒப்பந்தத்தை மறுபடி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

"வெள்ளத்துல மாறினதுன்னு சொல்லுவாங்க," என்றேன்.

"வாய்க்கால் சங்கத்துக் குறிப்பேட்டைப் பாத்தேன். வெள்ளம்னு ஒரு வரிகூட இல்லையே."

இருக்காது. அந்தக் குறிப்பேட்டை இருபத்திரண்டு வருடம் எழுதியவர் என் அப்பா கான்ராட் வைகண்ட். எழுத்தில் பொய் வைக்க மாட்டார். எங்கள் தேவாலயத்து மூலைக்கல்லில் அவர் பெயர் இருக்கிறது. தண்ணீர் முறையில் யாருக்கும் ஓர் அங்குலம் குறைத்தவர் இல்லை என்று இன்றும் பேசுகிறார்கள். வெள்ளக் கதையை வாயால் மட்டும் சொல்லி வைத்தார். நானும் அறுபத்து சொச்சம் வருடம் அதையே சொல்லிவந்தேன்.

உண்மை எனக்குத் தெரியும். 1957 ஜூன். பக்கத்து நிலம் டீட்ஸ் குடும்பத்துடையது, வாய்க்கால்தான் நடுவெல்லை. அவர்களின் மூத்த பெண்ணுக்கு இரண்டு நாள் கல்யாணம். ஊர் முழுவதும் ஆடப் போயிருந்தது. அப்பா முதுகுவலி என்று சொல்லி நின்றுகொண்டார். மண்வாரி பூட்டிய டிராக்டரை நான்தான் ஓட்டினேன். பதினாலு வயது. அவர்கள் பக்கம் நூறு அடி உள்ளே தள்ளிப் புது வாய்க்கால் வெட்டினோம். பழையதை மூடினோம். திரும்பி வந்தவர்களிடம் இரவு வெள்ளம் என்றார் அப்பா, அவர் சொல் என்பதால் நம்பினார்கள். நடுவில் கிடைத்த மண்ணில்தான் பின்னால் இந்த வீடு எழுந்தது.

"நிலத்தை யாரும் திருப்பிக் கேக்க முடியாது, அதுக்கெல்லாம் காலம் கடந்துபோச்சு. சும்மா சொன்னாப் போதும்," என்று டாரா எதையோ ஊகித்தவள்போலச் சொல்லியிருந்தாள். சும்மா!

வீட்டில் என் மனைவி லியோனா பிளாஸ்டிக் தொட்டியில் பாத்திரம் கழுவி, தண்ணீரை வெளியே சுமந்துபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் உலோக மூட்டு வைத்த கால் இழுத்தது.

"உங்கப்பா போய் நாப்பது வருஷம் ஆச்சு, ரெய்னி," என்றாள். "நான் இருக்கேன். எனக்குக் குளிக்கணும். நீ வாயைத் திறக்கலைன்னா வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வருவேன்னு நினைக்காதே."

கூட்டத்துக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். நகரச் சபை ஐந்து பேர் இடதுபக்கம், கவுண்டி ஆட்கள் மூன்று பேர் வலதுபக்கம். டீட்ஸ் வீட்டு வெர்னா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணப் பெண்ணின் தங்கை. அப்போது ஆறு வயது.

"உங்க வீட்டு வாசனை என் சமையக்கட்டு வரைக்கும் வருது, ரெய்னி," என்றாள். "இன்னிக்காவது ஒரு முடிவு கட்டு. ஆப்பிள் பை சுட்டா அதுலயும் உன் வாசனைதான்."

முதலில் நகரவாசிகள் பேசலாம், பிறகு கவுண்டிவாசிகள். நான் எதில் சேர்த்தி என்று எழுத்தருக்கே தெரியவில்லை, கடைசியில் போட்டார். புதுச்சாலையில் யார் பனி தள்ளுவது என்று ஒன்றரை மணிநேரம் சண்டை போட்டார்கள். பிறகு என் பெயர் வந்தது. மூன்று நிமிடம். மேடையில் பச்சை விளக்கு எரிந்தது. வலக்கையை உயர்த்தினேன். பெயர் சொன்னேன், முகவரி சொன்னேன். வெள்ளம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"வாய்க்காலை நாங்க வெட்டி மாத்தினோம்," என்றேன். "டீட்ஸ் வீட்டுக் கல்யாணத்தன்னிக்கு. அப்பா சொன்னார். டிராக்டரை நான் ஓட்டினேன்."

வெர்னா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது கேட்டது.

கவுண்டி வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "இந்த வாக்குமூலம் எந்தச் சபையோட பதிவேட்டுல ஏறணும்?"

"எங்களோடதுல," என்றார் நகர வழக்கறிஞர்.

"நிலம் இன்னும் கவுண்டியிலதானே இருக்கு?"

"திருத்தம் வந்தா எங்களோடது."

"வந்தாதானே?"

விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தும் போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். இரு தரப்பும் கலந்து பேசி அடுத்த மாதக் கூட்டத்தில் எடுப்பது என்று எட்டுக் கைகளும் ஒற்றுமையாக உயர்ந்தன. அன்று மாலை அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். ஆரஞ்சுத்தாள் கெடுவுக்குப் பதினொரு நாள் மீதி இருந்தது. அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் வெர்னாவின் கார் இல்லை.

மறுநாள் காலை லியோனாவின் பெட்டி படுக்கைமேல் திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தாள். பின்சன்னல் வழியாக வெர்னா தெரிந்தாள். ரப்பர் பூட்ஸோடு வாய்க்காலின் குறுக்கே போட்ட பலகை வழியாக எங்கள் பக்கம் வந்து, கரையில் குதிகாலை ஊன்றித் திரும்பி நின்றாள். பிறகு வீட்டைப் பார்த்து நீள நீளமாக அடி வைத்து நடக்க ஆரம்பித்தாள். தன் வீட்டு நிலத்தை அளந்து எண்ணுவது எனக்கே கேட்டது. கழிவு தேங்கிய புல்லைச் சுற்றிப் போகவில்லை. நடுவே மிதித்து வந்தாள். இருபத்திரண்டாவது அடியில் எங்கள் சமையலறைச் சுவர் வந்துவிட்டது. சுவரில் கையை வைத்து நின்றாள்.

நான் எழுந்திருப்பதற்குள் லியோனா பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"இருபத்து மூணு," என்றாள் வெர்னா, சேற்றுப் பூட்ஸை எங்கள் தரைமேல் வைத்து.