சத்தம் கொடுக்கிறவர்

தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டில், முதல் தடவை செல்லாது என்று இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தபோது நடுவர்களைத்தான் திட்டினேன். நல்லவேளை, வாய்க்குள். இரண்டாவதுக்கும் அதே இரண்டு சிவப்பு. இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே வரவில்லையாம், இறங்கியது போதாதாம். கண் என்ன பொடனியிலா இருக்கிறது இவர்களுக்கு என்று கறுவிக்கொண்டே இறங்கி வந்தேன்.

ஆடி மாதம், கல்யாணம் எதுவும் கிடையாது. பெரம்பலூரில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, அரியலூருக்கும் சேர்த்துப் பவர்லிஃப்டிங் போட்டி நடத்தினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் இரும்புத் தட்டுகள் கிடந்தன. கீழப்பழுவூரிலிருந்து நானும் என் புருஷன் பரணிதரனும் காலையிலேயே பைக்கில் வந்துவிட்டோம். அவர் எனக்கு முறைப்பையன், அதனால் இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

ஸ்குவாட் சூட் போட்டவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். தார்ப்பாய் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், மாட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். முட்டியில் பட்டையைச் சுற்றி இறுக்கினால் கால் மரத்துப்போகும். எல்லாம் எழும்போது நம்மைத் தூக்கிவிடத்தான். ஆனால் அதே சூட் லேசில் இறங்கவும் விடாது. பாதியிலேயே பிடித்து நிறுத்தி, அடிக்கு வந்துவிட்டதாக நம்மை ஏமாற்றும். அதற்காகப் பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்த்து, ஆழம் வந்ததும் சத்தம் கொடுப்பார். எனக்கு மாமா கொடுப்பார். "ஏந்திரி!" என்று ஒரே கத்தல். யோசிக்கவே வேண்டாம், உடம்பு தானாக எழுந்துவிடும். கல்யாணமானதிலிருந்து வேறு யார் சத்தத்துக்கும் நான் எழுந்ததில்லை.

போன வருஷம் அரியலூர் ஜிம்மில் என் வலது முட்டியில் ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, "போதும் சுதா, வுட்டுரு" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரே ஒரு தடவ மாமா. ஸ்டேட்டுக்குத் தேர்வாவலன்னா நானே நிறுத்திடறேன், சத்தியம்" என்றேன். அந்த ஒரே தடவைதான் இன்று. ஸ்குவாட்டுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் மற்றத் தூக்குகளில் என்ன தூக்கினாலும் கணக்கில் வராது.

"சுதாக்கா, கொஞ்சம் இதப் பாருங்க" என்று புஷ்பவல்லி செல்லை நீட்டினாள். வாலிகண்டபுரத்துப் பெண், வேறு எடைப் பிரிவில் தூக்குகிறவள். என் இரண்டாவது ஸ்குவாட்டை வீடியோ எடுத்திருந்தாள். இன்னும் நாலு விரல் இறங்க வேண்டும். அதற்குள் மாமாவின் குரல் கேட்கிறது.

நேராகப் போய்ச் செல்லை அவர் மூஞ்சிக்கு முன்னால் பிடித்தேன். பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணும்னு செய்யல சுதா. நீ எறங்கறப்ப அந்த முட்டிதான் கண்ணுக்குத் தெரியிது. அன்னிக்கு டப்புன்னு கேட்டுச்சே, அது திரும்பக் கேக்குது. வாயி அதும்பாட்டுக்குக் கத்திடுது."

என் இடத்தில் வேறு யாராவது என்றால் மனசு இளகியிருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

"ஒரு வருசம் நாயா ஒழச்சிருக்கேன். உங்க பயத்துக்கு நான் பலியாவணுமா? இந்தத் தடவ வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"அப்ப ஆழம் எப்புடித் தெரியும் ஒனக்கு?"

"நான் பாத்துக்கறேன். நீங்க செஞ்ச வரைக்கும் போதும் சாமி!"

நாலு பேர் பார்க்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மாமா கீழே உட்கார்ந்து என் முட்டிக்குப் பட்டை சுற்றினார். எப்போதும் போலத்தான் இறுக்கினார்.

பேரைக் கூப்பிட்டார்கள். நூற்றைம்பது கிலோ. தோளில் வாங்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றேன். நடுவர் "ஸ்குவாட்" என்றார். இறங்கினேன். சூட் பிடித்து நிறுத்தியது, நான் விடவில்லை. அமுக்கிக்கொண்டு இன்னும் கீழே போனேன். முட்டியில் ஒரு வலியும் இல்லை. தொடை தாழ்ந்துவிட்டது, எனக்கே நன்றாகத் தெரிந்தது. ஐயோ, தெரிந்தும் எழவில்லையே நான்! காது அவர் குரலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. எழு எழு என்று மனசு அடித்துக்கொள்கிறது, உடம்பு அசைய மாட்டேன் என்கிறது. ஒரு நொடிதான் இருக்கும். அதற்குள் முதுகு வளைந்துவிட்டது. பாதி எழுந்தேன். சுற்றி நின்றவர்கள் பாய்ந்து வந்து பாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆழமெல்லாம் அருமையா இருந்துச்சேம்மா, அடடா" என்றார் மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த நடுவர். அவர் நல்ல மனுஷன்தான். அந்த அடடாவில் எனக்கு வயிறு எரிந்தது. ஸ்டேட்டும் இல்லை, இனி மேடையும் இல்லை. சத்தியம் செய்தவள் நான்தானே.

மாமா மேடைக்குப் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டை வாய் கொள்ளாமல் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கொட்டியது. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். எனக்கும் அழுகை பீறிட்டுவிட்டது.

"கீழ கெடந்தேனே மாமா! பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

துண்டை வெளியே எடுத்தார்.

"தொண்ட வரைக்கும் வந்துடுச்சு சுதா," என்றார். "நீ கும்புட்டியே."