கழுத்து வலி

ஒரு மானிட்டரில் ப்ரோகிராம். வலப்பக்கத்து மானிட்டரில், வேலைக்காக வெளிநாடு போன என் மனைவி. வீடியோ காலை அணைக்காமலே அவரவர் வேலையைப் பார்ப்போம். அவள் பக்கம் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"ஒரே பெரிய ஸ்கிரீனா வாங்கித் தொலைடா" என்றான் அண்ணன். வாங்கினேன். ப்ரோகிராமும் அவளும் ஒட்டி ஒட்டி. கழுத்தை அசைக்கவே வேண்டாம்.

சாயங்காலம் அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னாச்சு?"

"இன்னைக்கு நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பல."

"உன்னையேதான்டி பார்த்துட்டிருந்தேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

பழைய மானிட்டரை மறுபடி வலப்பக்கம் வைத்து, அவளை அதில் கொண்டுவந்தேன். கழுதை, வலித்தால் வலிக்கட்டும். திரும்பிப் பார்த்தேன்.

அங்கே அவளும் என் பக்கம் திரும்பி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.