குளிசை கேட்க ஓர் ஆள்

விஜிதரனுக்கு மனச்சிதைவு நோய் என்பது செட்டிபாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து ஊர் அவனை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அதற்கு முன் நடந்தது இதுதான். மருந்துக் குளிசை போட்டால் இறால் பிடிக்கும் தோணியிலேயே தூங்கிப்போகிறான் என்பதற்காக, மாரி தொடங்கிய கையோடு யாருக்கும் சொல்லாமல் அதை நிறுத்தியிருந்தான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பழைய குரல் வந்தது. கிரிக்கெட் வர்ணனை சொல்வதுபோல அவன் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும் ஓர் ஆணின் குரல். ‘வலையை எடுக்கிறான். பீடியைப் பற்றவைக்கிறான்.’ சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் அதை நம்பாமல் விட அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒருநாள் அது, வலைக்குள் கம்பி ஓடுகிறது, அதனால்தான் உன் நினைப்பெல்லாம் ஊருக்குத் தெரிகிறது என்றது. விஜிதரன் தன் வலையைத் துண்டுதுண்டாக வெட்டிப் பார்த்தான். கம்பி இல்லை. பக்கத்தில், ஊரே பயப்படும் மீனவர் கனகசிங்கம் காயப்போட்டிருந்த வலையையும் வெட்டினான். அதிலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் குரல் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போனது. வீட்டுக்கு வந்தால் வேறு குரல்கள்.

“குளிசை போட்டியா?” என்று தங்கச்சி கஜானி காலையில் கேட்பாள். இறால் வாங்க வரும் ஷாமில் தராசைக் கீழே வைக்காமலே கேட்பான். கடைக்காரி கேட்பாள். ஓட்டோவில் போகிறவன் வேகத்தைக் குறைத்து, கேட்டுவிட்டுப் போவான். கோயிலில் திருநீறு கொடுக்கும்போது பூசகரும் கேட்டார். எல்லோருடைய முகமும் செத்த வீட்டுக்கு வந்த முகமாக இருந்தது. அந்தக் குரல் அவனைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருக்கிறது, ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் அது ஒருநாளும் கேட்டதில்லை. விஜிதரனுக்கு அதன்மேல் சற்று மரியாதைகூட வந்தது.

மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாக வரும் மனநலத் தாதி ஸாதியா மிஸ்ஸி வந்தபோது அவன் இதைச் சொன்னான். “எல்லாரும் கேட்டா நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் மிஸ்ஸி. போடவும் மாட்டன்.”

ஸாதியா சிரிக்கவில்லை. “சரி, ஒராள் மட்டும் கேக்கட்டும். ஆரெண்டு நீங்களே சொல்லுங்க.”

“கனகசிங்கம் அண்ணன்.”

கஜானி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றாள். “உனக்கென்ன விசரா?” என்றாள். பைத்தியமா என்று யாரிடம் கேட்டோம் என்பது கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பின்னேரமே விஜிதரன் கனகசிங்கத்தின் வீட்டுக்குப் போனான். வலை வெட்டப்பட்ட நாளிலிருந்து அவர் இவனோடு கோபம். முகம் பார்ப்பதில்லை. இவன் சொன்னதையெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஊரில வேற ஆக்கள் இல்லையா?”

“இரிக்காங்க. எல்லாரும் என்னப் பாவம் பாக்காங்க. நீங்க பாக்க மாட்டீங்க.”

கனகசிங்கம் அதை யோசித்துப் பார்த்தார். “அது சரிதான்,” என்றார். “ஆனா என்ட வலைய நீதான் சரிபண்ணித் தரணும்.”

மறுநாளிலிருந்து பொழுதுபட அவர் வந்தார். வேலிக்கு உள்ளே கால் வைக்க மாட்டார்.

“போட்டியா?”

“ஓம்.”

போய்விடுவார். மற்றவர்கள் கேட்டால், “அது கனகசிங்கம் அண்ணன்ட வேல,” என்று விஜிதரன் சொல்லிவிடுவான். கனகசிங்கத்தின் வேலையில் தலையிட ஊரில் யாருக்கும் துணிவு இல்லை.

ஒருநாள் அவன், “இல்ல,” என்றான்.

“ஏன்?”

விஜிதரன் வலை ஊசியைக் கீழே வைத்தான். கனகசிங்கம் முதன்முதலாக வேலிக்குள் வந்தார். அவன் மடியில் கிடந்த தன் வலையை இழுத்து, அவன் போட்டிருந்த முடிச்சுகளை விரலால் தள்ளிப் பார்த்தார். எல்லாம் வழுகின.

“கை நடுங்குதா?”

“ஓம். கழுத்தும் இறுகிக் கிடக்கு. ஊசிய ஒழுங்காப் பிடிக்க ஏலாது.”

“மிஸ்ஸிட்டச் சொன்னியா?”

“சொன்னா திரும்ப ஆஸ்பத்திரி வாட்டில போட்டிருவாங்க.”

“கை நடுங்கினா வாட்டில போடுறதெண்டா என்ட மாமனார எப்பயோ போட்டிருக்கணும்,” என்றார் கனகசிங்கம். “இண்டைக்குப் போடு. விடிய ரெண்டு பேரும் போய்க் கேப்பம்.”

அவர் பார்த்து நிற்க விஜிதரன் குளிசையை விழுங்கினான்.

காலையில் பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் இருந்து போனார்கள். கிளினிக்கில் டொக்டர் விஜிதரனின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், முழங்கையை மடக்கிப் பார்த்தார். பிறகு கனகசிங்கத்திடம், “நீங்க இவருக்கு என்ன முறை?” என்றார்.

“முறையொண்டுமில்ல டொக்டர். நாங்க கோபம்.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். சற்றுப் பொறுத்து எடுத்தார். குளிசையை மாற்றித் தந்தார். நடுக்கம் மருந்தால் வருவது, வந்தால் உடனே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்று விஜிதரனுக்குச் சொன்னார். ஒருவரும் அவனை வாட்டில் போடவில்லை.

கை தேறக் கொஞ்சக் காலம் எடுத்தது. தேறியதும் முடிச்சு இறுகியது. குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. எங்கேயோ நாலு வீடு தள்ளி யாரோ றேடியோ போட்டதுபோலச் சில நாள் கேட்கும். விஜிதரன் தன்பாட்டில் கம்பை ஊன்றித் தோணியைத் தாங்குவான்.

சித்திரை வருசப்பிறப்பு கழிந்து ஒரு பின்னேரம் கனகசிங்கம் வரவில்லை. விஜிதரன் குளிசையைப் போட்டுவிட்டு வேலியடியில் நின்று பார்த்தான். இருட்டுவதற்குள் சட்டையைக் கொழுவிக்கொண்டு அவரது வீட்டுக்கே போனான்.

“அவருக்குக் காய்ச்சல். டெங்கு எண்டு சொல்லுறாங்க,” என்றாள் மனைவி கண்ணகை. “உள்ளுக்குத்தான் கிடக்கார்.”

கனகசிங்கம் நுளம்பு வலைக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தார். விஜிதரன் கட்டிலடியில் போய் நின்றான்.

“கேளுங்க,” என்றான்.

அவர் கண்ணைத் திறந்தார். “போட்டியா?”

“ஓம்.”

அவன் திரும்பி வாசலுக்கு வந்துவிட்டான்.

“வலையில இறால் படுதா?” என்று பின்னால் கேட்டது. வலை வெட்டப்பட்ட பிறகு, மருந்தோடு சம்பந்தமில்லாத ஒன்றை அவர் அவனிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டது அவர்தானா என்று விஜிதரன் திரும்பிப் பார்த்தான். அவர்தான்.

கண்ணகை கதிரையொன்றைக் கொண்டுவந்து போட்டாள். விஜிதரன் அதில் இருந்தான். நல்லாப் படுகிற இடத்தை இந்த மனிசனுக்குச் சொல்லலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்.