இர்மா காட்டிய இடம்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் ஒரு பெண்ணின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். சுவிஸ் மலையூரான டாவோஸில், நான் பராமரிப்பு வேலை செய்யும் முதியோர் இல்லம், மூன்றாம் மாடி, காலை பத்து மணி. அவர் பெயர் இர்மா, வயது எண்பத்தெட்டு. நான் கதை எழுதுகிறவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். தன் குடும்பத்தின் கதையை எழுத முடியுமா என்று கேட்டார். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எனக்கு வேலை அறிக்கை மட்டும்தான் எழுத வரும் என்றேன்.

“தமிழிலேயே எழுதுங்கோ, பத்மினி. இஞ்ச ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். அதுதான் எனக்கு வேணும்.”

(அவர் பேசியது டொச். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1889 குளிர்காலம். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துத் தச்சர் வில்ஹெல்ம், இருமுகிற மனைவியைக் கம்பளியில் சுற்றி, குதிரை வண்டியில் மலையேறினார். அவர் கண்களில்…’

கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

தெரிந்தது இதுதான். வில்ஹெல்ம் இர்மாவின் பாட்டனார். மனைவி யோஹன்னாவுக்குக் காசநோய். மலைக்காற்றில் படுத்திருந்தால் சுகமாகும் என்று அந்தக் காலத்து டாக்டர்மார் நம்பினார்கள். பல்கனியில் அவர் சாய்ந்து படுக்க வில்ஹெல்ம் ஒரு நீண்ட நாற்காலி செய்து கொடுத்தார். அதைப் பார்த்த டாக்டர் பன்னிரண்டு கேட்டார். பன்னிரண்டாவதை முடிப்பதற்குள் யோஹன்னா இறந்துபோனார். இங்கே வந்து எட்டே மாதம்.

ஊருக்குத் திரும்ப வில்ஹெல்ம் பெட்டி கட்டியிருக்கிறார். பிறகு அவிழ்த்திருக்கிறார். ஏன் என்று இர்மா கேட்டதற்கு, “அவளை இஞ்ச தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது” என்று மட்டும் சொன்னாராம். மலையில் முதல் சாய்நாற்காலிப் பட்டறை அவருடையது. நோயாளிகள் வந்தபோது நாற்காலி, போனபோது சவப்பெட்டி. இரண்டையும் அவரே செய்தார்.

பிறகு இந்தப் பள்ளத்தாக்குப் பெண் ஒருத்தியை மணந்தார். வெளிநாட்டவனை மணந்தவள் சுவிஸ் குடியுரிமையை இழப்பாள் என்பது அன்றைய சட்டம். அவர்களுக்கு இங்கேயே பிறந்த மகன் கார்லும் ஜெர்மன்காரன்தான்.

(என் மகள் தக்ஷிகாவும் இங்கேதான் பிறந்தாள். பதினாறு வயதில் குடியுரிமை நேர்காணலுக்குப் போய் வந்த அன்று அவள்… இல்லை. இது வில்ஹெல்மின் கதை.)

3.

இதுவரை எழுதியதை என் கணவர் தயாநிதிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு கார்ல் வந்தான்.

கார்ல் இர்மாவின் அப்பா. 1930களில் அவன் நாசிக் கட்சியில் சேர்ந்தான். ஜெர்மன் நோயாளிகளும் ஜெர்மன் விடுதிகளும்தான் பட்டறையின் வாடிக்கை. சேராமல் பிழைக்க முடியாது என்று மனைவியிடம் சொன்னான். இந்த இடத்தில் அவனை ஒரு அப்பாவியாக்கிவிட எனக்கு ஆசை வந்தது. ஆனால் இர்மா விடவில்லை. கூட்டங்களுக்கு அப்பா விருப்பத்தோடுதான் போனார், சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி போனார், அதையும் எழுதுங்கோ என்றார்.

1945இல் போர் முடிந்தது. கட்சிக்காரர்களை நாட்டைவிட்டு அனுப்பத் தொடங்கினார்கள். கார்லையும் அனுப்பினார்கள். அவன் கண்டே இராத கெம்னிட்ஸுக்கு. அங்கே குண்டு விழாத வீடு குறைவு. மனைவி கூடப் போகவில்லை. ஒன்பது வயது இர்மாவோடு மாமனார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். 1947 பெப்ரவரியில் கார்ல் குளிரிலும் பசியிலும் செத்துப்போனான் என்று கடிதம் வந்தது. சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லையாம், கடதாசியில் சுற்றிப் புதைத்தார்களாம். ஊர் முழுக்கப் பெட்டி செய்து கொடுத்த வில்ஹெல்ம் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுப் பட்டறையைப் பூட்டினார். அடுத்த வருடம் அவரும் போனார்.

தயாநிதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இஞ்சாரும், உவன் கட்சிக்காரன். உவனுக்காக ஆர் அழுறது?”

வாசிக்கும்போது நான் அழுதுவிட்டிருந்தேன். நான் அழுதது கார்லுக்காக இல்லை. அதைச் சொல்ல நாலாம் பகுதியை எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருக்கவில்லை.

4.

கார்லைப் பற்றி யார் பொலிசுக்குச் சொன்னது என்பது அந்தக் குடும்பத்தின் பழைய கேள்வி. பக்கத்து ரொட்டிக்கடைக்காரர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கடையில் பிறகு பாண் வாங்கவில்லை. கடைக்காரரின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. இர்மாவின் மகன்கூட இன்றுவரை அந்தக் குடும்பத்தோடு கதைப்பதில்லை.

நவம்பரில் ஒரு காலை, நான் இர்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடி அவர் சொன்னார்.

1945இல் ஜெர்மன்காரரின் வீடுகளையெல்லாம் சோதித்த பொலிஸ் அவர்கள் பட்டறையையும் முழுக்கத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. போகிற வழியில் ஒருவர் முற்றத்தில் நின்ற இர்மாவின் முன்னால் குந்தி, அப்பாவிடம் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அப்பா அந்தக் கட்சிப் புத்தகத்தைச் சாய்நாற்காலி மெத்தைக்குள் வைத்துத் தைத்ததை அவள் பார்த்திருந்தாள். கூட்டிப்போய் விரலால் காட்டினாள்.

“அவர் என்ர தலையைத் தடவினவர். கெட்டிக்காரி எண்டவர். எனக்குச் சந்தோசமா இருந்தது, பத்மினி. அந்தச் சந்தோசத்தை எழுத வேணும்.”

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கள் அப்ப சின்னப்பிள்ளை தானே” என்றேன்.

இருபத்தாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். யாருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்பது வாய்க்குத் தானாக வரும். இர்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. தாயிடமும் பாட்டனாரிடமும் மகனிடமும் சொல்லாததை எழுபத்தொன்பது வருடம் கழித்து ஒருத்தியிடம் சொன்னார். அவள் அதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

5.

இந்தப் பகுதிக்கு வேறொரு வடிவம் இருந்தது. அதில் எனக்கும் அப்படியொரு சம்பவம்: ஆமி வந்து கேட்கிறது, சிறுமியான நான் தம்பி பிருந்தன் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டுகிறேன். வாசித்தால் நெஞ்சடைக்கும். ஆனால் பொய். பிருந்தன் சூரிச்சில் ட்ராம் ஓட்டுகிறான், போன ஞாயிறும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். இர்மாவின் துக்கத்தை எனதாக்கிக்கொள்ளப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

உண்மையில் நான் செய்தது சின்னது. ஐந்தாம் நாள் இர்மா என்னைக் கூப்பிட்டு, எழுதியதை வாசிக்கச் சொன்னார். தமிழிலேயே. எழுதிய கொப்பியைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் இருந்து வாசித்தேன். வில்ஹெல்ம், யோஹன்னா, கார்ல் என்று பெயர்கள் வரும்போதெல்லாம் தலையசைத்தார். முடிந்ததும் கேட்டார்:

“நான் காட்டினது அதுக்குள்ள இருக்கோ?”

இல்லை. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

“ஓம், இருக்கு” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மூன்று கிழமையில் இறந்துபோனார். மேலே இருக்கும் நாலாம் பகுதியை அதற்குப் பிறகுதான் எழுதினேன். இதை எழுத எனக்கிருந்த ஒரே காரணம் அந்த ‘ஓம்’.

6.

இர்மாவின் மகன் அறையைக் காலி செய்ய வந்தார். அறுபது வயது, பேர்ணில் ஆசிரியர். அம்மா எதையோ உங்களுக்குச் சொல்லி எழுத வைத்தாராமே என்று கேட்டார். கொப்பியை நீட்டினேன். மொழிபெயர்த்துப் பார்க்கக் கைத்தொலைபேசியை அதன் மேலே பிடித்தார். என் கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. சிரித்தார். பிறகு சிரிக்காமல், நீங்களே வாசித்து டொச்சில் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

நாளை வெள்ளிக்கிழமை.

இர்மா ஒருவரும் வாசிக்கக் கூடாது என்றார். அந்த ரொட்டிக்கடைக்காரரோ செய்யாத ஒன்றுக்காகப் பெயர் கெட்டுச் செத்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். சொன்னால் மகனுக்கு அம்மா வேறொருத்தியாகிவிடுவார். சொல்லாவிட்டால் நான் இரண்டாம் தடவை பொய் சொன்னவளாவேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழில் ‘காட்டினாள்’ என்றும் எழுதலாம், ‘காட்டிக்கொடுத்தாள்’ என்றும் எழுதலாம். நாலாம் பகுதியில் முதல் சொல்லைப் போட்டிருக்கிறேன். இர்மாவிடம் கேட்டிருந்தால் இரண்டாவதைத்தான் போடச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் எதைப் போடுவீர்கள் என்று தெரிந்தால், நாளை அவர் மகனுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் அதை எழுதப்போவதில்லை.